மவுண்ட் ரோடு ஹோட்டல்காரர் கட்டிய விமானம்

எங்கள் பெரம்பலூர் பக்கம் விமானச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். 1910-ல் மெட்ராஸ்காரர்கள் அதையே காசு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

காட்டியவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். கோர்சிகா தீவிலிருந்து வந்து, மவுண்ட் ரோட்டில் தன் பேரிலேயே ஹோட்டல் நடத்தியவர். மின்சார லிஃப்ட் எல்லாம் வைத்த ஹோட்டல். புதுசு எது வந்தாலும் விடமாட்டார் போல. 1909 ஜூலையில் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த சேதி வந்ததும், நாமே ஒரு விமானம் செய்தால் என்ன என்று கிளம்பிவிட்டார்.

அவர் போய் நின்றது சிம்ப்சன் கம்பெனியில். குதிரை வண்டி கட்டுகிறவர்களிடம் விமானமா என்று முதலில் எனக்கும் சிரிப்புதான் வந்தது. யோசித்தால் அதுதான் சரியான இடம். அன்றைய விமானம் என்பது மரச்சட்டம், மேலே இழுத்துக் கட்டிய துணி, ஒரு சின்ன எஞ்சின். இவருடையது இரட்டை இறக்கை. மேலும் கீழுமாக இரண்டு இறக்கை, நடுவே குச்சிகள், குறுக்கே முறுக்கிக் கட்டிய கம்பிகள். ரயில் பாலத்தின் இரும்புச் சட்டம் மாதிரி, எடை ஏறாமல் விறைப்பு கிடைத்துவிடும். எடை குறைவாக, ஆனால் முறியாமல் மரச்சட்டம் செய்வது கோச் தச்சர்களுக்குக் கைவந்த வேலை. சிம்ப்சன் 1840-லிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

பல்லாவரத்தில் சோதனை. பிறகு 1910 மார்ச்சில் தீவுத்திடலில் கட்டணம் வைத்துக் காட்சி. ஹோட்டல் முதலாளியாச்சே, சும்மா காட்டுவாரா?

ஆனால் இந்தியாவில் முதல் விமானம் எது என்று கேட்டால் பலரும் அலகாபாத்தைத்தான் சொல்கிறார்கள். 1911 பிப்ரவரி 18 அன்று ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்குச் சுமார் 6,500 கடிதங்களோடு பறந்தார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ஆனால் விமானம் என்று பார்த்தால் மெட்ராஸ் பதினோரு மாதம் முந்தி.

ஏன் மறந்துபோனது? என் கணிப்பு இது: அலகாபாத் கடிதங்களில் தனி முத்திரை குத்தினார்கள். அந்த உறைகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தீவுத்திடலில் பார்த்தவர்கள் டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஹோட்டலும் பிறகு கைமாறி பொசோட்டோ ஆகிவிட்டது.

அவர் சோதனை செய்த பல்லாவரத்தை ஒட்டித்தான் இன்றைய சென்னை விமான நிலையம். அங்கே அவர் பேரில் ஒரு பலகையாவது வைக்கலாம்.