பின் சக்கரத்துப் பக்கம் ‘கடக் கடக்’ என்கிறதா?

வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமாயிருக்கும். தோட்டத்துச் செம்மண் பாதையில் குழி இறங்கி ஏறும் போதெல்லாம் பின்பக்கம் ‘கடக், கடக்’. பெரிய சாலைக்கு வந்து வளைவில் திரும்பினாலோ, வண்டியின் வால் மட்டும் தனியே ஒரு பக்கம் போய்விட்டு வருவது போலிருக்கும். பின் இருக்கையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இதை அலட்சியம் செய்யலாமா? ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று நினைத்து அதை மாற்றிப் பணத்தை விடுகிறவர்கள் பலர். மாற்றிய பிறகும் சத்தம் நிற்காது. கெட்டுப் போயிருப்பது ‘புஷ்’ என்கிற சிறிய ரப்பர்த் துண்டாக இருக்கலாம்.

ரப்பரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மங்கில் வடிந்த பால்தான் கந்தகமும் கரித்தூளும் சேர்ந்து, சூட்டில் வெந்து, இப்படிக் கறுப்பாகத் திரும்பி வருகிறது. செயற்கை ரப்பர் எத்தனையோ வந்துவிட்டது. ஆனாலும் ஓயாமல் முறுக்கும் அதிர்ச்சியும் தாங்குகிற இந்த வேலையில் இயற்கை ரப்பருக்கு இன்றும் மதிப்புண்டு. அதன் எதிரி எண்ணெய். இதை மறந்து நான் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். 1970களில் ஓடிய டட்சன் 120ஒய், ஹைலக்ஸ் பிக்கப் போன்றவற்றில் பின்னால் பட்டை ஸ்பிரிங் இருக்கும். அதன் பின்முனையைத் தாங்கும் ஷாக்கிளில் உள்ள ரப்பரை வீட்டிலேயே மாற்றலாம். மைவி போன்ற வண்டிகளில் அப்படியில்லை. பின் அச்சில் இரண்டு பெரிய புஷ்கள் அழுத்திச் செருகியிருக்கும். அதை எடுக்கத் தனிக் கருவி வேண்டும். சுத்தியலால் அடித்துப் பார்க்காமல் பட்டறைக்கே கொண்டு போங்கள்.

வண்டி தரையில் நிற்கும்போதே பின் டயருக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ரப்பருக்கு நடுவில் நிற்க வேண்டிய பின் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், அல்லது ரப்பர் வெடித்துப் பிதுங்கியிருந்தால், அதன் காலம் முடிந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் வாங்குங்கள்.

முதல் நாள் இரவே துரு பிடித்த நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பழைய ரப்பர் நனைந்தால் கவலையில்லை, எறியப் போவதுதானே! மறுநாள் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ‘கைப் பிரேக் போட்டிருக்கிறேன், கியரும் போட்டிருக்கிறேன்’ என்று நம்பிவிடாதீர்கள். நான் சொன்ன டட்சன் போன்ற வண்டிகளில் அவ்விரண்டும் பிடிப்பது பின் சக்கரங்களைத்தான். நாமோ அவற்றைத்தான் தூக்கப் போகிறோம். மழை பெய்த மண் என்றால் ஜாக்கின் அடியில் தடித்த பலகை வையுங்கள். தூக்கியதும் சட்டத்தின் உறுதியான இடத்தில் ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவது வேண்டவே வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் படுக்காதீர்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

ஸ்டாண்டு வண்டியைத் தாங்கியபின் ஜாக்கை அச்சின் அடிக்கு மாற்றி, மெல்ல ஏற்றி இறக்கினால் ஸ்பிரிங்கின் பாரம் குறையும். ஷாக்கிள் பின் தானாகத் தளரும் உயரம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்பிரிங் வளையத்துக்குள் மட்டும் விரலை விடாதீர்கள். பழைய ரப்பரை நோண்டி எடுத்து, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, புதிய புஷ்ஷைப் பக்கத்துக்கு ஒன்றாக உள்ளே தள்ளுங்கள்.

இங்கேதான் நான் தவறினேன். ரப்பர் எளிதில் வழுக்கிப் போகட்டும் என்று என்ஜின் எண்ணெய் தடவினேன். சில மாதத்தில் அது ஊறிப் பருத்துக் குழைந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் போதும் என்று பக்கத்தில் நின்ற என் மனைவி அப்போதே சொன்னாள். கேட்டிருக்கலாம்.

மறுமுறை சோப்புத் தண்ணீர்தான். ஆனால் வண்டி அந்தரத்தில் இருக்கும்போதே நட்டுகளை முழுக்க இறுக்கிவிட்டேன். நான்கே மாதத்தில் பழைய ‘கடக் கடக்’ திரும்பி வந்தது. காரணம் எளிது. இறுக்கியதும் ரப்பர் பின்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பிறகு வண்டியை இறக்கினால் ஷாக்கிள் சாய்ந்து, ரப்பர் நின்ற இடத்திலேயே முறுக்கிக்கொள்கிறது. பிழிந்த துணி போல எந்நேரமும் முறுகி இருப்பது ஒவ்வொரு குழியிலும் மேலும் முறுகினால் கிழியாமல் என்ன செய்யும்?

ஆகவே நட்டுகளைக் கையால் திருகி மட்டும் வையுங்கள். இரு பக்கமும் முடித்து, சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்குங்கள். பின்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி ஆட்டிவிட்டு, அதன் பிறகே ஸ்பேனரால் இறுக்குங்கள். பத்து நாள் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அப்போதும் சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும்.