விஜயந்தா டாங்கி
1:35 அளவு மாதிரி, பிளாஸ்டிக், வண்ணப்பூச்சு

பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பில், 1965 முதல் ஆவடியில் தயாரான டாங்கி. 105 மி.மீ. பீரங்கி, நான்கு வீரர்கள். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் களம் கண்டது.

அசலில் எஃகுச் சங்கிலிப் பட்டை தன் எடையால் உருளைகளுக்கு இடையே தொய்யும். பிளாஸ்டிக் பட்டைக்கு அந்த எடை இல்லை. அழுத்தி ஒட்டித்தான் தொய்வைக் காட்ட வேண்டும். புழுதி கீழ்ப்பகுதியில் அடர்ந்து, மேலே போகப்போகக் குறைகிறது. வீரர்கள் ஏறி இறங்கும் விளிம்புகளில் மட்டும் பச்சை வண்ணம் தேய்ந்திருக்கிறது.

டாங்கிப் போரோடு திருச்சிக்கும் தொடர்புண்டு: டாங்கிக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளுக்கான டங்ஸ்டன் கலவைத் தண்டுகள் இங்குள்ள எச்.ஏ.பி.பி. (கன உலோகக்கலவைத் துளைப்பான் திட்டம்) ஆலையில் உருவாகின்றன.

போர்க்கோலத்தை நுணுக்கமாக வடிப்பதும் திருச்சிக்குப் புதிதல்ல: ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தின் குதிரைவீரர் தூண்களையும் பாருங்கள்.