செதில் படைக்கு உண்ணும் மருந்துகள்: ஒரு மாத்திரை எப்படிச் சோதிக்கப்படுகிறது?

சங்கத்து அன்பர்கள் என்னைச் சாவ்ரி பஜாரில் காகித வியாபாரம் செய்பவனாக அறிவார்கள். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து 1981ல் தில்லி வந்தவன். சென்ற மலர்களில் கல்வெட்டு, ஏட்டுச்சுவடி என்று எழுதியவன் இந்த முறை மருத்துவம் பற்றி எழுத வந்திருப்பது ஏன் என்று கேட்பீர்கள். நான் மருத்துவன் அல்லன், நோயாளி. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சோரியாசிஸ் என்கிற செதில் படையோடு வாழ்கிறவன். அந்த நோய் கொடுத்த படிப்பைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு கல்யாண வீட்டில் நான் நீட்டிய சந்தனக் கிண்ணத்தை ஒருவர் தொடாமல் நகர்ந்து போனார். என் முழங்கைச் செதில்தான் காரணம். ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது தொற்று நோய் அல்ல. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. குஷ்டத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிய காலம் உண்டு. 1841ல் வியன்னா மருத்துவர் ஹெப்ரா இரண்டும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டினார். நம் சித்த மருத்துவர்கள் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள்.

நோயின் இயல்பு

நம் தோலின் மேலணு அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இந்த நோயில் அந்த வேலை சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. உதிர நேரமில்லாத அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிவந்த தடிப்பின் மேல் வெள்ளிச் செதிலாகின்றன. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புப் படை, எதிரி இல்லாத இடத்தில் போர் தொடுப்பதுதான் மூல காரணம். டி.என்.எஃப்., இன்டர்லூகின் 17, இன்டர்லூகின் 23 என்று சில தூதுப் பொருள்கள் அந்தப் படைக்கு ஓலை கொண்டு போகின்றன. புதிய மருந்துகளில் பல இந்தத் தூதர்களில் யாரையாவது வழிமறிப்பவை. பரம்பரைக் கூறும் உண்டு. தில்லிக் குளிர் வந்தால் எனக்கு அதிகமாகும். சிலருக்கு மூட்டையும் பிடிக்கும்.

சென்னையில் படித்தவர் தந்த மருந்து

இந்த நோய்க்கு உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகளில் இன்றும் முன்நிற்பது மெத்தோட்ரெக்சேட். இதன் கதையில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார். பீமாவரத்தில் 1895ல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் அங்கி போட்டுக்கொண்டதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார் என்பார்கள். பிறகு அமெரிக்கா சென்றார். அங்கே லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் ஃபோலிக் அமிலத்தையும், அதற்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரின் போன்ற பொருள்களையும் உருவாக்கினார்கள். 1948ல் மறைந்தார். 1995ல் அவர் நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

1951ல் அமெரிக்க மருத்துவர் குப்னரும் அவருடைய கூட்டாளிகளும் மூட்டு வாதக்காரர்களுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் செதில் படை உள்ளவர்களுக்குத் தோல் தெளிவதைக் கண்டார்கள். தேடியது மூட்டு மருந்து, கிடைத்தது தோல் மருந்து. பின்னர் அதன் உறவுப் பொருளான மெத்தோட்ரெக்சேட் அந்த இடத்தைப் பிடித்தது.

அளவுகோல் இல்லாமல் வியாபாரமில்லை

"எனக்குத் தேவலாம்" என்று ஒருவர் சொன்னால் அது எவ்வளவு தேவலாம்? தராசு இல்லாமல் காகிதம் விற்க முடியாது, அளவு இல்லாமல் மருந்தைச் சோதிக்க முடியாது. 1978ல் ஸ்வீடனைச் சேர்ந்த இருவர் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார்கள். அதன் பெயர் பாசி. உடலைத் தலை, கை, நடுவுடல், கால் என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு, பரவிய பரப்புக்கு 0 முதல் 6 வரை பெருக்கிக் கூட்டுவார்கள். மொத்தம் 72க்கு மேல் போகாது. ஒருவருக்கு 20 இருந்தது 5 ஆகக் குறைந்தால் முக்கால் பங்கு குறைந்தது. அதைத்தான் பாசி 75 என்பார்கள். முன்பு அந்த இலக்கை எட்டினால் வெற்றி என்றார்கள். இப்போது பாசி 90 வரை கேட்கிறார்கள்.

குடவோலையும் குலுக்கலும்

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு நம்மவர்க்குத் தெரிந்ததே. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரமறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சு எழாதிருக்கவே அந்த ஏற்பாடு. மருந்துச் சோதனையிலும் அதே நியாயந்தான். யாருக்குப் புது மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதை மருத்துவர் தீர்மானித்தால், சீக்கிரம் குணமாகக் கூடியவரைத் தம்மையறியாமலே புது மருந்துப் பக்கம் தள்ளிவிடுவார். எனவே குலுக்கலில் விடுகிறார்கள். எது எந்த மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது.

வெற்று மாத்திரை எதற்கு? இந்த நோய் தானே ஏறும், தானே இறங்கும். வெயில் பட்டால் பலருக்கு அடங்கும். நம்பிக்கையே பாதி மருந்து என்பதும் பொய்யல்ல. அந்தப் பங்கைக் கழித்தால்தான் மருந்தின் சொந்தச் சம்பாத்தியம் தெரியும்.

சில கணக்குகள்

சண்டிகர் பி.ஜி.ஐ. நிறுவனத்தில் கடும் செதில் படை உள்ள 60 பேரை இரண்டாகப் பிரித்து, வாரம் 10 மில்லிகிராம் ஒரு சாராருக்கும், 25 மில்லிகிராம் மறு சாராருக்கும் மெத்தோட்ரெக்சேட் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2012ல் வெளிவந்தது. 12 வாரத்தில் பாசி 75ஐ எட்டியவர்கள் முறையே 72, 92 சதவீதம். அளவு கூடக் கூடப் பக்க விளைவும் கூடியது. 2008ல் வெளியான சாம்பியன் என்ற வெளிநாட்டுச் சோதனையிலோ, இதே மருந்து 16 வாரத்தில் 35.5 சதவீதம் பேருக்குத்தான் அந்த அளவு பலன் தந்தது. வெற்று மாத்திரைக்காரர்களில் 18.9 சதவீதம். ஒரே மருந்து, இரண்டு கணக்கு! ஆட்கள் வேறு, அளவு வேறு, அளவை ஏற்றிய வேகம் வேறு. இரண்டு சந்தை விலையை ஒரே தாளில் எழுதிக் கூட்டக் கூடாது என்பது இதிலிருந்து நான் கற்றது.

அடுத்து அப்ரிமிலாஸ்ட். எஸ்டீம் 1 என்ற சோதனையில் 844 பேர். 16 வாரத்தில் பாசி 75 எட்டியவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில் 33.1 சதவீதம், வெற்று மாத்திரையில் 5.3 சதவீதம். அதாவது நூறு பேரில் மருந்தால் கூடுதலாகப் பலன் பெற்றவர்கள் சுமார் 28 பேர். "முப்பத்து மூன்று" என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. அமெரிக்காவில் 2014லும், நம் நாட்டில் கிளென்மார்க் நிறுவனத்தின் மூலம் 2017லும் இது செதில் படைக்கு வந்தது. வயிற்றுப்போக்கு, குமட்டல், எடைக் குறைவு ஆகியவை இதன் தொல்லைகள். மனச்சோர்வு உள்ளவர்கள் மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

டியூக்ராவாசிடினிப் என்பதை 666 பேரிடம் மும்முனையாகச் சோதித்தார்கள். பாசி 75 எட்டியவர்கள் புதிய மாத்திரையில் 58.4, அப்ரிமிலாஸ்டில் 35.1, வெற்று மாத்திரையில் 12.7 சதவீதம். ஒரே தராசில் இரண்டு மருந்தையும் வைத்ததால் இந்த ஒப்பீடு செல்லும். 2022ல் அமெரிக்கா ஒப்புக்கொண்டது. ஐகோட்ரோகின்ரா என்பது அதற்கும் புதிது. இன்டர்லூகின் 23இன் வாசலை அடைக்க இதுவரை ஊசிதான் வழியாக இருந்தது, இது அதை மாத்திரையாலேயே செய்யப் பார்க்கிறது. 2024ல் வெளியான 255 பேர் சோதனையில், உச்ச அளவு எடுத்தவர்களில் 79 சதவீதம் பேர் பாசி 75 எட்டினர், வெற்று மாத்திரையில் 9 சதவீதம்.

எல்லா மாத்திரையும் கரையேறுவதில்லை. டோஃபாசிடினிப் செதிலைக் குறைத்தது என்று சோதனைகள் காட்டியும், 2015ல் அமெரிக்க அமைப்பு அதைச் செதில் படைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. பலன் ஒரு தட்டு என்றால், பாதுகாப்பு மறு தட்டு.

என் வாசலுக்கு வந்த சோதனை

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் ஒரு மருத்துவமனையில், "பாவூஜி, புது மாத்திரைச் சோதனை ஒன்று நடக்கிறது, சேர்கிறீர்களா?" என்று கேட்டார்கள். மனைவி பயந்தாள். "ஏங்க, உங்கள எலியாட்டம் வெச்சுப் பாக்கறாங்களா?" என்றாள். ஒப்புதல் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் படித்தேன். பழைய மருந்தைச் சில வாரம் நிறுத்த வேண்டும், வெற்று மாத்திரை விழலாம், விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று எழுதியிருந்தது. மாத்திரையின் உறை மிருகக் கொழுப்பா, ஜெலட்டினா என்று நான் கேட்டதற்கு முகம் சுளிக்காமல் விசாரித்துச் சொன்னார்கள். இருவேளை மருந்தைப் பொழுது சாயுமுன் முடித்துக்கொள்ளலாமா என்றும் கேட்டேன்.

கடைசியில் கையெழுத்துப் போட்டேன். ஆனால் இரத்தப் பரிசோதனையில், காசநோய்க் கிருமி உடம்பில் உறங்கிக் கிடப்பதாகத் தெரிந்து என்னைச் சேர்க்கவில்லை. நோய் இல்லை, கிருமி தூங்குகிறது, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து அதை எழுப்பிவிடலாம் என்றார்கள். ஏமாற்றந்தான். பிறகு யோசித்தேன். நம் நாட்டில் என்னைப் போல் எத்தனை பேர்! வயதானவர், ஈரல் கெட்டவர், கர்ப்பிணி, காசம் பட்டவர் என்று பலரை விலக்கிவிட்டு வந்த கணக்குதான் அந்த 33ம் 58ம். அதை அப்படியே நம் உடம்புக்கு எழுதிக்கொள்ளக் கூடாது.

சட்டம் தரும் காப்பு

ஏழைகளை விவரம் சொல்லாமல் சோதனையில் சேர்த்ததாக எழுந்த புகார்கள் 2012ல் உச்ச நீதிமன்றம் வரை போயின. அதன் பின் விதிகள் இறுகின. 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். 2007ல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டை நம் தில்லி அன்சாரி நகரிலேயே பராமரிக்கிறார்கள். புது மருந்துச் சோதனை அதில் முதலில் பதிவாக வேண்டும். யாரும் கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். சேரச் சொன்னால் பதிவெண் கேளுங்கள், ஒப்புதல் தாளின் நகல் கேளுங்கள். கேட்பது உரிமை.

ஒரு எச்சரிக்கை

இதை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான். 2009ல் எனக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதித் தந்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட வேண்டியது. ஒரு மருந்துக் கடையில் உறைமேல் "தினமும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நானும் சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஆறு நாள் சாப்பிட்டேன். வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை, இரத்த அணுக்கள் சரிந்தன. மருத்துவமனையில் சேர்த்து, ஃபோலினிக் அமில ஊசி போட்டுத்தான் மீட்டார்கள். மகன் அன்று பிடித்த கையை விடவேயில்லை.

மருந்து மேல் குற்றமில்லை. அதே மருந்தை அதன்பின் சரியான முறையில் பல ஆண்டுகள் சாப்பிட்டுத் தேறினேன். ஆகவே குறித்துக்கொள்ளுங்கள்: மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள், அந்தக் கிழமையைச் சுவர்க் காலண்டரில் எழுதி வையுங்கள். மருத்துவர் சொன்ன நாளில் ஃபோலிக் அமிலம். குறித்த இடைவெளியில் இரத்தமும் ஈரலும் பரிசோதனை. மது கூடவே கூடாது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. அசிட்ரெடின் என்ற மருந்தானால், நிறுத்தி மூன்று ஆண்டு கர்ப்பம் ஆகக் கூடாது. பெண் பிள்ளை உள்ள வீடுகள் இதை மறக்க வேண்டாம்.

வேப்பம்பட்டையும் வெட்பாலைத் தைலமும் எங்கள் வீட்டிலும் உண்டு. நான் எதையும் இகழவில்லை. ஒரு பொருளைப் பல பக்கம் நின்று பார் என்பது எங்கள் சமயத்தின் பாடம். ஆனால் எந்தப் பக்கத்து மருந்தானாலும், "யாரிடம் சோதித்தீர்கள், எதோடு ஒப்பிட்டீர்கள், எத்தனை பேருக்குத் தீங்கு?" என்ற மூன்று கேள்விக்கும் அது பதில் சொல்லட்டும்.

அடுத்த கல்யாணத்தில் செதில் படிந்த கை ஒன்று உங்களுக்குச் சந்தனம் நீட்டினால், தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.