பயிற்றுநரை யார் பயிற்றுவிப்பது?

2020 ஊரடங்குக் காலத்தில் தொழிற்பயிற்சி நிலையங்களின் பணிமனைகளும் பூட்டிக் கிடந்தன. வைஸில் இரும்பைக் கவ்வவைத்து அரத்தால் ராவிப் பழக வேண்டிய ஃபிட்டர் மாணவனுக்கு, இனி பாடம் செல்போனில் வரும் என்றார்கள். சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துத் தலித் குடியிருப்புகளில் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன் இருந்தாலே பெரிது. ஆலைகள் திறந்ததும் அதுவும் பட்டாசு வேலைக்குப் போகிற அப்பாவோடு போய்விடும். ஆலைக்குள் போனுக்கு அனுமதி இல்லை. பையனுக்கும் உதவாமல், அப்பாவுக்கும் உதவாமல் பகலெல்லாம் சும்மா கிடக்கும்.

போன் இல்லாத மாணவனைப் பற்றியாவது நாலு பேர் பேசினோம். மறுமுனையில் இருந்த பயிற்றுநரை நினைக்கவே இல்லை. இருபது ஆண்டு லேத்தில் நின்றவர், மெஷின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். அவரிடம் வீடியோ ஏற்று, ஆன்லைனில் தேர்வு வை என்றால்? மாணவர்கள் முன்னால் தெரியாது என்று சொல்ல யாருக்குத்தான் கூச்சம் இருக்காது!

பாடத்துக்குப் பஞ்சமில்லை. மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளம் 2019-லேயே வந்துவிட்டது. சென்னை கிண்டியில் உள்ள நிமி நிறுவனம் பாடநூல்களையும் வினா வங்கியையும் தமிழிலும் தருகிறது. குறை, இவற்றைக் கையாளக் கற்றுத்தரும் விதத்தில் இருக்கிறது. ஒரு நாள் கூட்டம், திரையில் வரிசையாகப் படங்கள், மதியச் சாப்பாடு, சான்றிதழ். மென்பொருள் பயிற்சி என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான்.

பயிற்றுநர்களுக்கே தெரிந்த நல்ல முறை ஒன்று உண்டு. ஆளைத் தயார்படுத்து, செய்துகாட்டு, செய்யவிடு, சோதித்துப் பார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஆலைகளில் புதியவர்களை விரைவாகப் பழக்கிய முறை இது. அரம் பிடிக்கச் சொல்லித்தருவது இப்படித்தான். மென்பொருளையும் அவர்களுக்கு இப்படியே, அவரவர் பணிமனையில், அவரவர் பாடத்தை வைத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பழக்க வேண்டும். கை பழகச் சில வாரங்கள் ஆகும்.

இது வெறும் கணினி விவகாரம் அல்ல. எந்த மாணவன் பாடத்தைத் திறக்கவே இல்லை என்பதை மென்பொருள் காட்டிவிடும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஒரு பையன் தொடர்ந்து காணோம் என்றால் நம் பகுதியில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பட்டியலைப் பார்க்கத் தெரிந்த பயிற்றுநர், பெயர் நீங்குவதற்குள் வீட்டுக்குப் பேசிவிடலாம். வீடியோவை நிலையத்துக் கணினியில் இறக்கி வைக்கத் தெரிந்தால், போன் இல்லாதவனும் அங்கேயே பார்த்துக்கொள்வான்.

இப்போது எழுத்துத் தேர்வே கணினி வழியில்தான் நடக்கிறது. கட்டணம் இல்லாமல், மாதம் ரூ.750 உதவித்தொகையோடு படிக்க வரும் முதல் தலைமுறைப் பிள்ளை, மவுஸை முதன்முதலாகத் தேர்வறையில் தொடக்கூடாது.

தமிழகத்தில் 71 அரசு நிலையங்களை ரூ.2,877 கோடியில் நவீனமாக்கும் திட்டம் வந்திருக்கிறது. ரோபோ வந்த இடத்தில் பழைய வெல்டர், ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநர்களை விட்டுவிடக்கூடாது. விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர் அரசு நிலையங்களில் இவர்களுக்கென வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அடுத்த தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடலாம்.