சும்மா இருக்கத் தெரியாத குச்சி

ஹைதராபாத்தின் கொண்டாப்பூரில், நான் குடியிருக்கும் இடத்துக்கு நாலைந்து தெரு தள்ளி வசிக்கும் தமிழ் அன்பர் ஒருவர், தம்முடைய மகனின் வீடியோ கேம் கண்ட்ரோலரைக் குறித்து எனக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வாங்கி ஒரு வருஷம்கூடப் பூர்த்தியாகாத அந்தக் கண்ட்ரோலரில், பையன் விரலை எடுத்துவிட்ட பிறகும் திரையிலுள்ள வீரன் இடப்புறமாக நடந்துகொண்டே போகிறானாம். பழுது பார்க்கும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், திறந்துகூடப் பாராமல், "கொத்ததி தீஸ்கோண்டி, சார்" என்று புதிதாக வாங்கிக்கொள்ளும்படி உபதேசம் செய்து அனுப்பிவிட்டார்களாம். புதிது வாங்குவதானால் எது கைக்குச் சௌகரியமானது, எது சொன்னதைச் சட்டென்று கேட்கக்கூடியது, பழையதையே திருத்திக்கொள்ள மார்க்கமுண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, இவ்வளவு அற்பமான விஷயத்துக்காகத் தொந்தரவு செய்வதை மன்னிக்கவேண்டும் என்று முடித்திருக்கிறார்.

விஷயம் அற்பமல்ல; கொஞ்ச நாளாக என்னையே பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கும் விஷயம் அது. எந்தப் பட்டன் எதற்கு என்பதை விளக்க நான் முற்படப் போவதில்லை. அதை வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளலாம். கண்ட்ரோலரைக் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் வழக்கம், வீடியோ விளையாட்டோடு உடன்பிறந்தது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையில், ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய சகாக்களும் பி.டி.பி.-1 என்ற கம்ப்யூட்டரில் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விளையாட்டை உண்டாக்கியபோது, இரண்டு பேர் ஆடுவதற்கு யந்திரத்தின் முகப்பிலிருந்த சுவிட்சுகளையே உபயோகிக்க வேண்டியிருந்தது. முழங்கை நொந்தது, ஒருவருக்குத் திரை நேராகவும் மற்றவருக்குக் கோணலாகவும் தெரிந்தது, அவசரத்தில் வேறு எதையாவது தட்டிவிடும் அபாயமும் இருந்தது. இந்த அவஸ்தையைப் பொறுக்கமாட்டாமல் ஆலன் கோட்டக், ராபர்ட் ஸாண்டர்ஸ் என்ற இரு இளைஞர்கள், மரத்தையும் பேக்கலைட்டையும் கொண்டு கையடக்கமான பெட்டிகள் செய்து, நீண்ட ஒயரால் யந்திரத்தோடு இணைத்தார்கள். அதிலும் குண்டு வீசும் பட்டனை மட்டும் ஓசைப்படாததாகத் தேர்ந்தெடுத்து வைத்தார்கள், சுடுகிற தருணம் எதிராளியின் காதுக்கு எட்டிவிடக் கூடாதே என்பதற்காக! கைக்கு இதம், கட்டளைக்கு இணக்கம், கொஞ்சம் கள்ளத்தனம் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்த அந்தப் பெட்டியை மிஞ்சும் சாமர்த்தியம் இன்றைய கண்ட்ரோலர்களில் அபூர்வம் என்பது என் அபிப்பிராயம்.

பிற்பாடு வந்த பெரிய கம்பெனிகளோ, மனிதர்களின் கைகளெல்லாம் ஒரே அளவு என்று எண்ணிக்கொண்டு சில விபரீதங்களைச் செய்தன. 2001-இல் மைக்ரோஸாஃப்ட் தன் முதல் எக்ஸ்பாக்ஸுடன் கொடுத்த கண்ட்ரோலர், ‘ட்யூக்’ என்று பட்டப்பெயர் பெறும் அளவுக்குப் பருத்திருந்தது. ஜப்பானியர்களுக்கென்று சிறிதாகச் செய்த வேறொன்றையே மறு வருஷத்திலிருந்து மற்ற தேசத்தாருக்கும் கொடுக்க நேர்ந்தது. நின்டெண்டோவின் ‘மாரியோ பார்ட்டி’யில் கண்ட்ரோலரிலுள்ள குச்சியை வெகு வேகமாகச் சுழற்ற வேண்டிய ஆட்டங்கள் சில இருக்க, குழந்தைகள் கட்டைவிரல் போதாமல் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சுழற்றித் தோலைப் புண்ணாக்கிக்கொண்டன, நியூயார்க் மாகாணத்து அட்டர்னி ஜெனரல் தலையிட்டதன்பேரில், 2000-இல் அந்தக் கம்பெனி கேட்டவர்களுக்குக் கையுறை அனுப்ப ஒப்புக்கொண்டது. இதற்கெல்லாம் பிராயச்சித்தம் போல 2018-இல் மைக்ரோஸாஃப்டே வெளியிட்ட ‘அடாப்டிவ் கண்ட்ரோலர்’ இருக்கிறது. இரண்டு பெரிய பட்டன்களும், பின்புறத்தில் வேண்டிய விசைகளையெல்லாம் சொருகிக்கொள்ள 19 துளைகளும் உள்ள அதைக் கொண்டு, விரல்கள் இல்லாதவரும் முழங்கையாலோ காலாலோ மோவாயாலோ ஆட முடிகிறது. சௌகரியம் என்பதைச் செல்லம் கொடுப்பதாக நினைத்து முகம் சுளிப்பவர்கள், அந்தப் பெட்டியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆகவே, குச்சிகள் இரண்டும் கீழே சமமாக அமைந்த சோனி அமைப்பு உத்தமமா, இடது குச்சி மேலேறி நிற்கும் எக்ஸ்பாக்ஸ் அமைப்பு உத்தமமா என்ற வாதத்தில் நான் கலந்துகொள்வதாக இல்லை. மாலுக்குப் போய் அட்டைப்பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்குவதைக் காட்டிலும், பையனின் சிநேகிதர்கள் வீட்டிலுள்ளவற்றை அரைமணி நேரம் பிடித்து ஆடச் சொல்லி, பிறகு அவன் மணிக்கட்டையும் கட்டைவிரலின் அடிமூட்டையும் விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

வேகத்தைப் பற்றி விளம்பரங்களில் அடிபடும் எண்களுக்கு அர்த்தம் உண்டென்றாலும், அவற்றுக்குக் கொடுக்கப்படும் மரியாதை சற்று மிகை. யந்திரத்தால் விநாடிக்கு 125 தடவை விசாரிக்கப்படும் கண்ட்ரோலர், விரலின் செய்தியை அதிகபட்சம் 8 மில்லி விநாடி தாமதித்துச் சொல்லும்; 1,000 தடவை விசாரிக்கப்படுவது 1 மில்லி விநாடிக்குள் சொல்லிவிடும். திரையோ, விநாடிக்கு 60 படம் காட்டினால், ஒரு படத்துக்கே ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. கண்டதும் விரல் அசைவதற்கு நமக்கு ஆகும் நேரமோ சுமார் 200 மில்லி விநாடி. இந்த 7 மில்லி விநாடிக்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர்களில் பலர், படத்தை மெருகேற்றுவதற்காகத் தொலைக்காட்சிப் பெட்டி விழுங்கும் பற்பல மில்லி விநாடிகளை மீட்டுத்தரும் ‘கேம் மோட்’ என்ற வசதி அந்தப் பெட்டியிலேயே இலவசமாக இருப்பதைத் திறந்து பார்ப்பதில்லை.

அது நிற்க. அன்பருடைய கண்ட்ரோலரின் வியாதிக்கு ‘ட்ரிஃப்ட்’ என்று பெயர்; என் மனத்தைக் கவர்ந்ததும் அதுவே. கட்டைவிரலுக்கடியில் நாம் தள்ளும் குச்சியின் கீழே, குறுக்குக்கு ஒன்றும் நெடுக்குக்கு ஒன்றுமாகப் பொட்டென்ஷியோமீட்டர்கள் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கரி பூசிய சிறு பாதையொன்றும், அதன்மேல் உராய்ந்து செல்லும் உலோக நாக்கொன்றும் உண்டு. நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறுகிறது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டு ரேடியோவில் ஒலியைக் கூட்டும் திருகைத் தொட்டாலே, பாடகரை அமுக்கிக்கொண்டு ஒரு ‘கரகர’ சப்தம் எழும்பும். சப்தம் எழாத ஒரேயோர் இடத்தில் திருகை நிறுத்திவிட்டு, அதன்பின் யாரும் அதைத் தொடக்கூடாதென்று தகப்பனார் சட்டம் போட்டிருந்தார். அந்தத் திருகுக்குள் தேய்ந்திருந்ததும் இதே கரிப்பாதைதான்.

இந்தக் குச்சி செய்கிற வேலைகளிலெல்லாம் மிகக் கடினமானது எதுவென்று கேட்டால், சும்மா இருப்பதுதான் என்பேன். சும்மா இருப்பதன் அருமையைத் தாயுமானவர் பிறந்த பாஷைக்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குச்சியின் நிலையை 0 முதல் 255 வரையுள்ள எண்ணாக யந்திரம் வாசிக்கிறதென்று வைத்துக்கொண்டால், ஒரு கோடிக்குத் தள்ளப்பட்ட குச்சி 250 என்று சொன்னாலும் 255 என்று சொன்னாலும் வீரன் ஓடத்தான் போகிறான், ஒருவரும் வித்தியாசம் காணப்போவதில்லை. ஆனால் நடுவில் 128 என்று சொல்ல வேண்டிய குச்சி 115 என்று சொன்னால், ஒன்றும் செய்யாதிருக்கிற மனிதன் நடப்பதாக யந்திரம் நம்பிவிடுகிறது. எந்தத் திசைக்குப் போனாலும் குச்சி புறப்படுவதும் திரும்பி வந்து சேர்வதும் நடுவிலேயாதலால், உராய்வும் அங்கே அதிகம். உலகத்துக் கண்ட்ரோலர்களில் பலவற்றுக்குக் குச்சி செய்துதரும் ஜப்பானிய ஆல்ப்ஸ் கம்பெனியின் தகவல்தாளில், இதன் ஆயுள் 20 லட்சம் சுற்று என்று குறித்திருக்கிறது. 2021-இல் ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்பு நிறுவனத்தார், யுத்த விளையாட்டொன்றை ஆடி நிமிஷத்துக்கு 80 சுற்று என்று கணக்கெடுத்து, 417 மணி நேரத்தில் அந்த ஆயுள் முடிந்துவிடும் என்றார்கள். தினம் இரண்டு மணி நேரம் ஆடுகிற பிள்ளைக்கு அது ஏழு மாதம். அன்பரே, பையன் முரட்டுத்தனமாகப் பிடித்து ஆடியிருப்பான் என்று சந்தேகப்பட்டுக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதை இந்தக் கணக்கைப் பார்த்தபின் வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

உராய்வினால் வந்த வியாதிக்கு மருந்து, உராயாமலே அறிவது. 1879-இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் மாணவராயிருந்த எட்வின் ஹால், மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரத்தைச் செலுத்தி, அதைக் காந்தப் புலத்தில் வைத்துப் பார்த்தபோது, மின்சாரம் செல்லும் திசைக்குக் குறுக்கே சிறியதொரு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். எலெக்ட்ரான் என்ற ஒன்று உண்டென்று ஜே. ஜே. தாம்ஸன் நிரூபிப்பதற்கு 18 வருஷத்துக்கு முந்திய காரியம் இது. குச்சியின் அச்சில் சிறு காந்தத்தைப் பதித்து, எதிரே ஹால் உணர்வியை வைத்துவிட்டால், குச்சி சாயச் சாயக் காந்தத்தின் பலம் உணர்வியில் ஏறி இறங்குகிறது. ஒன்றையொன்று ஸ்பரிசிப்பதில்லை, ஆகவே தேய்வதற்கு ஒன்றுமில்லை. 1998-இல் சேகா கம்பெனி தன் ட்ரீம்காஸ்ட் கண்ட்ரோலரில் இதைச் செய்தே காட்டிவிட்டது. செய்து காட்டிய பிறகும், சில காசு மிச்சம் என்பதற்காகக் கரிப்பாதையையே கட்டிக்கொண்டு அழுதது தொழில். 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சின் கண்ட்ரோலர்கள் இந்த வியாதியால் வழக்கு மன்றம் வரை போய், அந்தக் கம்பெனியின் தலைவர் 2020-இல் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. இப்போது காஸ்மிக் பைட் போன்ற நம் நாட்டுக் கம்பெனிகளின் கண்ட்ரோலர்களிலேயே ஹால் குச்சி கிடைக்கிறது.

இதற்கும் ஒரு படி மேலே டி.எம்.ஆர். குச்சி என்று ஒன்று வந்திருக்கிறது. அதன் வம்சாவளியில் நம்மவர் ஒருவர் இருப்பது அநேகருக்குத் தெரியாது. காந்தத் தன்மையுள்ள இரண்டு படலங்களுக்கு நடுவே, மின்சாரம் கடக்கமுடியாத மிக மிக மெல்லிய படலமொன்றை வைத்தால், எலெக்ட்ரான்கள் அதைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விடும். இரு படலங்களின் காந்தத் திசையும் ஒத்திருந்தால் சுலபமாகப் போகும், மாறுபட்டிருந்தால் தயங்கும். கடுங்குளிரில் மாத்திரம் தெரிந்த இந்த விளைவைச் சாதாரண அறை வெப்பத்திலேயே பெரிய அளவில் காட்டிய பெருமை, 1995-இல் ஜப்பானில் மியாஸாகிக்கும், எம்.ஐ.டி.யில் ஜகதீஷ் மூடெராவுக்கும் உரியது. மூடெரா, மைசூர் சர்வகலாசாலையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஹார்டு டிஸ்கை வாசிக்கும் முனைக்குள் புகுந்த அந்த நுட்பம், இன்று பிள்ளைகளின் கட்டைவிரலுக்கடியிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஹாலைவிடக் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்வதால், பாட்டரியில் ஓடும் கண்ட்ரோலருக்கு இது விசேஷமாகப் பொருந்தும்.

ஆனால் காந்தம் வந்துவிட்டதாலேயே குச்சிக்குச் சும்மா இருக்கும் ஞானம் வந்துவிட்டதென்று நம்பிவிடலாகாது. குச்சியை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவருவது ஸ்பிரிங். அது தளர்ந்தால், சற்று ஒதுங்கி நிற்கும் குச்சியை அப்படியே வெகு உண்மையாக அறிவிக்கும் உணர்வி. இதை மறைக்கவே, நடுவைச் சுற்றிய சிறு வட்டத்துக்குள் வரும் எண்களைப் பொருட்படுத்தாதே என்று யந்திரத்துக்குச் சொல்லி வைக்கும் ‘டெட்ஸோன்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. வியாதி முற்ற முற்ற வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறவர்கள், விரல் நுனியால் செய்யும் மிருதுவான அசைவுகளையெல்லாம் அதற்குப் பலி கொடுக்கிறார்கள். துருநீக்கும் எண்ணெயைக் குச்சிக்குள் பீய்ச்சுவது இன்னும் பெரிய அநியாயம்; எண்ணெய் தங்குகிறது, தூசி அதில் குடியேறுகிறது. ஐஸோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பதுதான் தற்காலிக சிகிச்சை.

நிரந்தர சிகிச்சை, குச்சியையே மாற்றுவது. பொட்டென்ஷியோமீட்டர்களுக்கு ஆறு, அமுக்கும் பட்டனுக்கு நாலு, தாங்கும் கால்களுக்கு நாலு என்று 14 இடத்தில் ஈயப்பற்று வைத்த சாமான் அது. பழகாத கை பலகையைச் சுட்டுப் பாழாக்கிவிடும். சொருகிக் கழற்றும்படி இதைச் செய்வது முடியாத காரியமா என்றால், 2023-இல் சோனி வெளியிட்ட ‘டூயல்ஸென்ஸ் எட்ஜ்’ கண்ட்ரோலரில் அப்படித்தான் செய்திருக்கிறது. அது சாதாரணக் கண்ட்ரோலரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலையுள்ளது. பணம் படைத்தவனுக்குச் சொருகு, மற்றவனுக்கு ஈயப்பற்று என்ற இந்தப் பாகுபாடு எனக்குச் சம்மதமில்லை. 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த நம் மின்கழிவு விதிகளில் வீடியோ கேம் சாதனங்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். 2022 டிஸம்பரில் மத்திய சர்க்கார் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு தளமும் திறந்தது. ஆயினும் கடைக்காரர் மூடியைத் திருகித் திறக்க மறுக்கும்போது, இவையெல்லாம் காகிதத்தில் இருந்து என்ன பிரயோஜனம்?

அன்பருக்கு என் யோசனை இது. சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, அப்படி இந்த ஊருக்குக் கோட்டியின் குஜராத்தி கல்லி; ஒரு நாள் பையனையும் அழைத்துக்கொண்டு அங்கே போய், உதிரிச் சாமான் விற்பவர்களிடம் ஈயப்பற்றுக் கைதேர்ந்தவர் ஒருவரை விசாரித்துப் பிடியுங்கள். கண்ட்ரோலரின் மாடல் எண்ணைச் சொல்லி அதற்குப் பொருந்தும் ஹால் அல்லது டி.எம்.ஆர். குச்சி வாங்குங்கள், ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது, மற்றதும் அதே வயதுதானே. மாற்றியபின், புதுக் குச்சியின் நடு எதுவென்று கண்ட்ரோலருக்கு அறிவிக்கும் ‘காலிப்ரேஷன்’ செய்தாகவேண்டும். செய்யாமல் கொடுத்தால் புதுக் குச்சியும் பழைய வியாதியோடுதான் வீடு வந்து சேரும். ஆகையால் கூலியைக் கொடுப்பதற்கு முன், அங்கேயே கம்ப்யூட்டரில் சொருகச் சொல்லி, விரலை எடுத்துவிட்டு, எண் அசையாமல் நிற்கிறதா என்று பையனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.