சனிக்கிழமை யார் வீட்டில்?

"பிள்ளை யாருக்கு மேடம்?" குடும்ப நல நீதிமன்றத்தில் கட்சிக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்கும். 5 தாண்டினால் தானாக அப்பாவிடம் போய்விடும் என்பது திண்ணைப் பேச்சு. நீதிபதி முதலில் பார்ப்பது குழந்தையின் நலனை. விவரம் தெரிந்த பிள்ளையென்றால், தன் அறைக்கு அழைத்துத் தனியே பேசுவதும் உண்டு.

நான் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் சில்லறை விஷயங்களுக்குத்தான். பிள்ளை ஒருவரிடம் இருக்க, மற்றவர் அதைப் பார்ப்பது சனிக்கிழமை எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் கொண்டுவந்து விடுவது என்று உத்தரவில் எழுதாவிட்டால் அடுத்த வாரமே வாசலில் சண்டை. தீபாவளி, பள்ளி ஆண்டு விழா, கோடை விடுமுறையில் பாதி, ராத்திரி வீடியோ கால் எல்லாவற்றையும் எழுதச் சொல்வேன். முறுக்கு டப்பாவோடு கோர்ட்டுக்கே வந்து நிற்கும் அப்பத்தாவையும் சேர்த்துத்தான்!

ஜீவனாம்சம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு. பணத்துக்குத் தனி மனு போடலாம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால உத்தரவும் கேட்கலாம். பிள்ளையைப் பார்க்கும் உத்தரவும் கல்வெட்டு இல்லை, பின்னால் மாற்றக் கேட்கலாம். 7 வயதில் ஒத்துவந்த சனிக்கிழமை, பத்தாம் வகுப்பு டியூஷனோடு மோதும்.