மூலக்கூற்று வடிவமும் பல்பகுதியங்களின் வாயுத் துலங்கலும்

வரிப்பத்தான்சேனை போன்ற நெற்செய்கை ஊர்களில், அறுவடை முடிந்து அடுத்த போகம் வரை வெளியில் நிறுத்தப்படும் உழவு இயந்திரங்களின் ரயர்ப் பக்கங்களில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுவதுண்டு. வெயிலே காரணமெனப் பொதுவாகக் கூறுவர். வெயிலுக்கும் பங்குண்டு, ஆயினும் முதன்மையான காரணி வளியிலுள்ள ஓசோன் வாயுவாகும். அவ்வாயுவுக்கு இறப்பர் எவ்வாறு துலங்கும் என்பதை அதன் மூலக்கூற்று வடிவமே பெரிதும் தீர்மானிக்கின்றது.

1876 இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து இலங்கைக்கு வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இம்மரத்தின் பாலிலுள்ள பல்பகுதியம் ஐசோபிரீன் அலகுகளாலான நெடுஞ்சங்கிலியாகும். ஒவ்வோர் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. சங்கிலியின் தொடர்ச்சிகள் இரண்டும் அப்பிணைப்பின் ஒரே பக்கத்தில் அமையும் சிஸ் வடிவத்தினால் சங்கிலி வளைந்து சுருள்கின்றது. இழுத்தால் நீண்டு, விட்டால் மீள்கின்றது. அதே அலகுகள் எதிரெதிர்ப் பக்கங்களில் இணையும் திரான்ஸ் வடிவமே கட்டபேச்சா. அதன் சங்கிலிகள் நெருங்கி அடுக்கிப் பளிங்காவதால் அது விறைத்திருக்கும்.

ஓசோன் இரட்டைப் பிணைப்பைத் தாக்கிச் சங்கிலியை அறுக்கின்றது. பத்துக் கோடிப் பங்கு வளியில் சில பங்கு ஓசோனே இதற்குப் போதும். இழுபடாத இறப்பரில் சேதம் மேற்பரப்புடன் நின்றுவிடும். இழுபட்டிருப்பின், அறுந்த முனைகள் விலகப் புதிய பரப்பு வாயுவுக்குத் திறக்கும். இழுவைக்குச் செங்குத்தாக வெடிப்பு ஆழமாகும். நீளும் இயல்பே இங்கு ஊறுக்கும் வழிவிடுகின்றது.

அமைப்பு மாறின் துலங்கலும் மாறும். ஈ.பி.டி.எம். இறப்பரில் இரட்டைப் பிணைப்பு முதன்மைச் சங்கிலியிலன்றிப் பக்கக் கூட்டத்தில் உள்ளது. அது தாக்கப்பட்டாலும் சங்கிலி அறுவதில்லை. பியூற்றைல் இறப்பரில் மெதைல் கூட்டங்கள் நெருங்கி நிற்பதால் சங்கிலி எளிதில் அசையாது. அதனூடு வளி கசிதல் இயற்கை இறப்பரினதில் ஏறத்தாழப் பத்திலொன்றே. ரயரின் உட்குழாய்க்கு அது தெரிவு செய்யப்படுவது இதனாலேயே.

இத்துலங்கலைப் பயனாக்கும் முயற்சிகளும் உள. அமீன் பக்கக் கூட்டங்களுடைய சில பல்பகுதியங்கள், நீரிற் கரைந்த காபனீரொட்சைட்டினால் உண்டாகும் அமிலத்திலிருந்து புரோத்தன்களை ஏற்று நேரேற்றம் பெறுகின்றன. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் சுருண்ட சங்கிலி விரிகின்றது. நைதரசனைச் செலுத்திக் காபனீரொட்சைட்டை அகற்றின் அது மீண்டும் சுருங்கும்.

உழவனுக்கு இவ்வறிவின் பயன் எளியது. இயந்திரத்தை முட்டுக்கொடுத்து உயர்த்தி ரயரின் சுமையை நீக்குதல், ஓசோனை உண்டாக்கும் மின்மோட்டாரும் வெல்டிங் வேலையும் இல்லாத நிழலில் நிறுத்துதல் ஆகிய இரண்டும் வெடிப்பைப் பிந்தச் செய்யும். ரயர் ஒன்றின் விலை சிறுவிவசாயிக்குப் பெருஞ்சுமை. மூலக்கூறு பற்றிய அறிவு ஆய்வுகூடத்துடன் நின்றுவிடலாகாது.